குடத்தைக் கவிழ்த்துப் பார்த்தேன்

இலவசம் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அது பிறவிக் குணமா, உத்தியோகம் கொடுத்த குணமா என்று கேட்டால் தெரியாது. திருச்சி ஜங்ஷனிலிருந்து போகும் ரயில்களில் நான் டிக்கெட் பரிசோதகர். ஜனங்கள் வாயில் டிடிஆர். பெட்டிக்குள் காலெடுத்து வைத்ததுமே யாரிடம் டிக்கெட் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். என்னைப் பார்த்ததும் திடீரென்று தூக்கம் வந்தவர்கள், ஜன்னல் வழியாக வயலை ஆராய்ச்சி பண்ணுகிறவர்கள், முந்திக்கொண்டு வணக்கம் வைக்கிறவர்கள். பதினாலு வருஷம் மனுஷர்களை இப்படியே பார்த்துப் பழகிவிட்டு, வீட்டு வாசலில் செருப்போடு சேர்த்து அந்தக் கண்ணையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வர முடியுமா என்ன?

போன வருஷம் பங்குனி வெயிலில் ஒரு சாயங்காலம் என் வீட்டுக்காரர் கையில் ஒரு நோட்டீஸோடு வந்தார். அவருக்குத் திருவெறும்பூர் பக்கம் ஒரு ஃபேக்டரியில் வெல்டிங் வேலை. கூட வேலை பார்க்கிறவர் கொடுத்தாராம். டவுனில், ஆற்றுக்கு அந்தப் பக்கம், பிள்ளைகள் சேராமல் மூடுகிற நிலைக்கு வந்துவிட்ட ஒரு மாநகராட்சிப் பள்ளியை ஏதோ ஒரு அறக்கட்டளையிடம் நடத்தக் கொடுத்திருக்கிறார்கள். கட்டடம் அரசாங்கத்துடையது. வாத்தியார் வைப்பதும் பாடம் நடத்துவதும் அறக்கட்டளை பாடு. ஐந்து வருஷ ஒப்பந்தம், அதில் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. கட்டணம் கிடையாது. ஆறாம் வகுப்புக்கு ஆள் எடுக்கிறார்கள், நிறையப் பேர் வந்தால் குலுக்கல். நம் பொண்ணை அங்கே சேர்க்கலாமா என்று கேட்டார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருக்கும் அடையவளஞ்சான் தெருவுக்குப் பக்கத்திலேயே ஒரு இங்கிலீஷ் மீடியம் ஸ்கூலில் அவள் ஐந்தாவது முடிக்கப்போகிறாள். எல்கேஜி சீட்டுக்காக விடிகாலை நாலு மணிக்கு அந்த கேட்டில் போய் நின்றது நான். டை, பெல்ட், கறுப்பு ஷூ, புதன்கிழமைக்கு வெள்ளை ஷூ என்று எல்லாவற்றுக்கும் ஓடியது நான். ரிப்போர்ட் கார்டில் எல்லாப் பாடத்திலும் ஏ. வாய் பேசாத பிள்ளை, தான் உண்டு தன் வேலை உண்டு என்று இருக்கும். ஒரு புகார் வந்ததில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற வண்டியை எதற்காக நிறுத்தி இறங்கச் சொல்கிறார் இந்த மனுஷர்?

அவரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "போய்ப் பாப்போமே" என்று மட்டும் நாலு தடவை சொன்னார். வீட்டில் எதற்கும் எதிர்ப்பேச்சு பேசாத ஆள் அவர். முருங்கைக்காய் சாம்பார் என்றால் முருங்கைக்காய் சாம்பார், உங்கள் அக்கா வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருநாள் போதும் என்றால் ஒருநாள். அப்படிப்பட்டவர் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் சொல்வதைக் கேள் என்று பிடிவாதமாக நின்றார். அதுவே எனக்கு உறுத்தியது. யாரோ இவரை நன்றாக மூளைச்சலவை செய்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

எனக்கு இருந்த பயமும் சும்மா இல்லை. பழைய ஸ்கூலில் ஆறாவதுக்கு இடம் வேண்டுமானால் ஏப்ரல் முடிவதற்குள் உறுதி செய்ய வேண்டும். டி.சி. வாங்கிவிட்டால் அந்த இடம் போனது போனதுதான், திரும்பக் கேட்டால் கேட்டைக்கூடத் திறக்க மாட்டார்கள். இந்தப் பக்கம் அறக்கட்டளையின் ஒப்பந்தத்தில் பாக்கி நாலு வருஷம். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. சரியாக என் பொண்ணு பத்தாவதில் கால் வைக்கும்போது அவர்கள் மூட்டையைக் கட்டினால் அவள் கதி என்ன? இதை யாருமே யோசிக்க மாட்டார்களா?

கீழ்வீட்டு மாமி, எங்கள் வீட்டுச் சொந்தக்காரர், என் கட்சி. துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னார், "ஏன்டிம்மா, பெருமாளைக் கிட்டத்துல நின்னு சேவிக்கறதுக்கே டிக்கெட் இருக்கு. இவா என்னத்துக்குச் சும்மா சொல்லிக் குடுக்கறா? ஏதோ இருக்கு." அந்த 'ஏதோ இருக்கு' எனக்குப் போதுமானதாக இருந்தது.

நான் வேலையில் செய்வதைத்தான் செய்தேன். திடீர் சோதனை. ஓய்வு நாட்களாகப் பார்த்து மூன்று காலை அந்தப் பள்ளிக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் போய் நின்றேன். நிற்பதற்கு ஒரு சாக்கு வேண்டுமே, ஆதார் அட்டையைக் கொடுத்து ஒவ்வொரு காப்பியாக எடுக்கச் சொன்னேன். மூன்றாவது நாள் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, "அக்கா, லோன் கீன் எதுவும் பிரச்சினையா?" என்று கேட்டேவிட்டார்.

பார்த்ததெல்லாம் என் சந்தேகத்தை வளர்த்ததே தவிரக் குறைக்கவில்லை. மணி அடிக்கவில்லை, ஆனாலும் பிள்ளைகள் நேரத்துக்கு உள்ளே போனார்கள். வாத்தியார் மாதிரி தெரிந்த ஒரு பையன் வராந்தாவைப் பெருக்கினான். பூக்காரம்மா பிள்ளை, ஆட்டோக்காரர் பிள்ளை எல்லாம் வந்தார்கள், சரி. மலைக்கோட்டைக் கடைவீதிக்காரர்கள் மாதிரி தெரிந்த ஒரு அம்மா காரில் வந்து ஒரு பிள்ளையை இறக்கிவிட்டுப் போனாள். காரில் வருகிறவளுக்கு இலவசப் பள்ளி எதற்கு? அழுதுகொண்டே வந்த ஒரு குட்டிப் பையனை யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. ஒரு டீச்சர் அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்துகொண்டாள். அரைமணி நேரம். வேறு வேலையே இல்லையா இவளுக்கு? எதிர்க்கடையில் ஒரு பெண்பிள்ளை தினம் வந்து நிற்கிறாள் என்று தெரிந்துகொண்டு நாடகம் போடுகிறார்களோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

அடுத்து பெற்றோர் கூட்டம். தலைமை ஆசிரியை ஒல்லியான அம்மா, ஐம்பது வயது இருக்கும், பேச்சில் அவசரமே இல்லை. அவசரமில்லாதவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. எல்லோரும் சீருடை உண்டா, மதியம் சாப்பாடு என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தபோது நான் எழுந்து நின்றேன். காசை யார் கொடுக்கிறார்கள், கொடுப்பவர்களுக்கு இதில் என்ன லாபம், மக்குப் பிள்ளைகளை நைசாகக் கழற்றிவிட்டு மீதியை வைத்து ரிசல்ட் காட்டப்போகிறீர்களா என்று வரிசையாகக் கேட்டேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். ஒப்பந்தம் முடிந்ததும் என்ன ஆகும் என்று கடைசியாகக் கேட்டேன்.

"அது எனக்குத் தெரியாதுங்க," என்றார்.

நான் இதை எதிர்பார்க்கவில்லை. ரயிலில் தப்பு செய்தவர்கள் யாரும் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள், ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். இந்த அம்மாவிடம் கதை இல்லை. வீட்டுக்குத் திரும்பும்போது இவள் ரொம்பக் கெட்டிக்காரி, அதுதான் விஷயம் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

குலுக்கல் அன்று நான் செய்ததை இன்றைக்கும் தெருவில் யாராவது சொல்லிச் சிரிப்பார்கள். ஒரு எவர்சில்வர் குடத்தில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கப்போனார்கள். நான் முன்னால் போய், போடுவதற்கு முன்னால் குடத்தைக் காட்டுங்கள் என்றேன். வாங்கிக் கவிழ்த்தேன். உள்ளே கைவிட்டுத் தடவினேன். அடியில் தட்டினேன். ஏற்கெனவே எழுதி வைத்த சீட்டு ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நான் நிஜமாகவே நம்பினேன். ஒன்றுமில்லை. கொஞ்சம் புளித்த வாடை, அவ்வளவுதான். "திருப்திங்களா?" என்று கேட்டார் தலைமை ஆசிரியை. இல்லை என்றேன்.

கடைசியிலிருந்து மூன்றாவதாக என் பொண்ணின் எண் வந்தது. என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டார். இடம் கிடைக்காத ஒரு அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். எனக்கு சந்தோஷமே வரவில்லை. இத்தனை பேர் இருக்க நமக்கு எப்படி விழுந்தது? கேள்வி கேட்கிறவள் வாயை அடைக்கத்தான் கொடுத்தார்களோ? கிடைக்காமல் போயிருந்தால் ஏமாற்று வேலை என்றிருப்பேன். கிடைத்ததால் அதைவிடப் பெரிய ஏமாற்று வேலை என்றேன். பாலத்தில் வண்டி ஓட்டிக்கொண்டே அவர், "உனக்கு என்னதாம்மா வேணும்?" என்று கேட்டார். காற்றில் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இடம் கிடைத்தவர்கள் பிள்ளையோடு ஒரு அரைநாள் பள்ளிக்கு வர வேண்டும் என்றார்கள். பரீட்சை இல்லையாம், பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பதற்காம். கேட்டதும் எனக்கு உற்சாகமே வந்துவிட்டது. மாட்டிக்கொண்டார்களா! வடிகட்டுகிற வேலை இதுதான். குலுக்கல் ஊருக்கு, உள்ளே வேறு கணக்கு. அன்றைக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை, நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கிளம்பும்போது அவர் அவள் தலையைத் தடவிவிட்டு என்னிடம், "அங்க என்ன சொன்னாலும் கொஞ்சம் பொறுமையா கேளு," என்றார். எனக்கெதற்குப் புத்தி சொல்கிறார் என்று அதற்கும் முறைத்தேன்.

வராந்தா ஜன்னல் கம்பி வழியாக உள்ளே நடப்பது தெரிந்தது. ஒரு டீச்சர் அவளோடு தரையில் உட்கார்ந்து ஏதோ விளையாட்டு விளையாடினாள், கணக்குப் போடச் சொன்னாள், அதில் இவள் சிரித்ததுகூடக் கேட்டது. பிறகு ஒரு அட்டையைக் கையில் கொடுத்தாள். என் பொண்ணு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்னொரு அட்டை. அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து தலைமை ஆசிரியை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"பொண்ணுக்கு ரொம்ப நல்ல ஞாபக சக்தி. கணக்கு மனசுலயே போடறா. ஆனா அவளுக்கு இன்னும் படிக்க வரலங்க."

எனக்குப் புரியவில்லை. எதைப் படிக்க வரவில்லை என்று கேட்டேன். எதையும் என்றார். தமிழும் சரி, இங்கிலீஷும் சரி. எழுத்து ஒவ்வொன்றாகத் தெரிகிறது, சேர்த்தால் நழுவிவிடுகிறது. இரண்டாம் வகுப்புப் பாட வரியைக்கூட வாசிக்க முடியவில்லை.

நான் போட்ட சத்தத்தில் வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். போனை எடுத்து ரிப்போர்ட் கார்டைக் காட்டினேன். அஞ்சு வருஷமாக ஏ வாங்குகிற பிள்ளைக்கு அ, ஆ தெரியாது என்கிறீர்களா, இப்படிச் சொல்லித்தானே வேண்டாதவர்களைத் துரத்துகிறீர்கள், எனக்குத் தெரியும் உங்கள் வண்டவாளம் என்றெல்லாம் கத்தினேன். அந்த அம்மா நான் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு, இடம் அவளுடையது, படிக்க வந்தாலும் வராவிட்டாலும் அதை யாரும் எடுக்க முடியாது என்றார். நாளை மறுநாள் கடைசி நாள், யோசித்துவிட்டு வாருங்கள், படிவத்தை எடுத்து வைக்கிறேன் என்றார்.

துரத்துகிறவள் எதற்குப் படிவம் எடுத்து வைக்கிறாள்?

பொண்ணைக் கூட்டிக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தேன். அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்த டீச்சர் கொடுத்த அட்டை ஏதோ கஷ்டமாக இருந்திருக்கும், பிள்ளை புது இடத்தில் மிரண்டிருக்கும், இதை நாமே ஒரு நிமிஷத்தில் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். நான் எத்தனை பேரைப் பார்த்தவள்! ஒரு ஹோட்டலில் போய் உட்கார்ந்தோம். அவள் வழக்கமாகக் கேட்பது ரவா தோசை. நான் மெனு அட்டையை அவளிடம் தள்ளி, இதைப் பார்த்து இதுவரைக்கும் சாப்பிடாத ஒன்றைச் சொல்லு என்றேன்.

அவள் அட்டையைத் திறந்தாள். அப்பா செய்வது மாதிரியே விரலை மேலிருந்து கீழே ஓட்டினாள். பக்கம் திருப்பினாள். புருவத்தைச் சுருக்கிக் கொஞ்சம் யோசித்தாள். "அடை அவியல்மா," என்றாள்.

எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாள் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். நான் அட்டையை வாங்கிப் பார்த்தேன். அடை அவியல் அதில் இல்லை. எங்கே இருக்கு, காட்டு என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"பாத்ரூம் போகணும்மா," என்றாள்.

அவள் எழுந்து போனாள். டிக்கெட் இல்லாதவர்கள் கடைசியாகப் போய் ஒளிகிற இடம் அது. நான் பெட்டிக்குள் ஏறியதைப் பார்த்ததும் போய்த் தாழ் போட்டுக்கொள்வார்கள், நான் வாசலிலேயே நிற்பேன், எவ்வளவு நேரம் என்றாலும் நிற்பேன். அன்றைக்கும் பின்னாலேயே போய் நின்றேன். ஐந்து நிமிஷம் ஆயிற்று. தண்ணீர்ச் சத்தம் இல்லை. என் கை தானாகப் போய்க் கதவைத் தட்டியது, மூன்று தட்டு, நான் ரயிலில் தட்டுகிற தட்டு. என் வாயும் தானாகச் சொன்னது.

"வெளிய வாங்க."

பெற்ற பொண்ணிடம் 'வாங்க' என்று சொல்லியிருக்கிறேன், என் குரல் என் காதிலேயே விழுந்தது. கதவு மெல்லத் திறந்தது. கண்ணெல்லாம் சிவந்து நின்றாள்.

"அப்பாவ ஒண்ணும் சொல்லாதம்மா. நான்தான் சொல்ல வேணாம்னேன்."

நான் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

அவர் வேலை முடிந்து ஆறு மணிக்கு வரும்வரை நான் ஹாலில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். பொண்ணு கீழே மாமி வீட்டில் இருந்தாள். அவர் உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்ததும் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். எதையும் மறைக்கவில்லை. மூன்றாவது படிக்கும்போதே அவருக்குத் தெரியுமாம். காலையில் தலை பின்னிவிடும்போது பாடத்தை அவர் வாசிப்பார், அவள் கேட்டு மனப்பாடம் செய்துகொள்வாள். முக்கியமான கேள்விகளை ஸ்கூலிலேயே முன்கூட்டிக் குறித்துக் கொடுத்துவிடுவார்கள். கேள்வியின் முதல் எழுத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துக் கையில் பழகிய பதிலை அப்படியே எழுதிவிடுவாள், கோலம் போடுகிற மாதிரி. பழைய ஸ்கூலில் இவர் இரண்டு தடவை போய்ச் சொன்னாராம். மார்க் நன்றாகத்தானே வருகிறது, கவலைப்படாதீர்கள் என்று அனுப்பிவிட்டார்களாம். நோட்டீஸ் கொடுத்த நண்பரின் பையனும் இதே மாதிரிதான் இருந்தானாம், இந்தப் பள்ளியில் ஒரு வருஷத்தில் தட்டுத்தடுமாறி வாசிக்கிறானாம். அதற்காகத்தான் அந்தப் பிடிவாதம்.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை?

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார், "சொல்லிடலாம்னு அவகிட்ட எத்தனையோ தடவ சொன்னேன். நீ கண்டுபிடிச்சிட்டா என்ன பண்ணுவியோன்னு பயந்து நடுங்குவா. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு எனக்கும் தெரியல. எனக்கும் பயம்தான்."

இரண்டு பேரும் நான் டியூட்டிக்குப் போகிற நாளுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். ஃபிரிட்ஜ் கதவில் என் டியூட்டி அட்டவணை ஒட்டியிருக்கும். நான் வெளியூரில் தங்குகிற நாட்களில் அவள் ஸ்கெட்ச் பேனாவால் நட்சத்திரம் போட்டு வைப்பாள். அம்மா இல்லாத நாளை எண்ணி எண்ணி ஏங்குகிறாளே என்று எனக்கு அப்படியே உருகிப்போகும். அதைப் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறேன், கூட வேலை பார்க்கிற பெண்கள் எல்லாம் அழுகிற பொம்மை அனுப்பினார்கள். அவை எல்லாம் வீட்டில் சத்தமாகப் பாடம் வாசிக்கக்கூடிய நாட்கள். என் பொண்ணு நிம்மதியாக இருந்த நாட்கள்.

அவமானமாக இருந்தது. கோபம் வந்தது, அவர்மேலா, ஸ்கூல்மேலா, என்மேலா என்று தெரியவில்லை. எல்லாவற்றையும்விடப் பொறாமைதான் அதிகம் என்று இப்போது தோன்றுகிறது. என் வீட்டிலேயே இரண்டு பேர் ஒருவருக்கொருவர் அவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கிறார்கள், நான் வெளியே ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்திருக்கிறேன். சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன். அவர் பின்னால் வந்து நின்றார், தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குழாயை மட்டும் மூடினார்.

கடைசி நாளன்று நானும் பொண்ணும்தான் போனோம். நான் அந்தப் பள்ளியை நம்பிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நாலு வருஷத்தில் ஒப்பந்தம் என்ன ஆகும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, அந்த அம்மாவுக்கும் தெரியாது. கடைவீதிக்காரி ஏன் காரில் வருகிறாள் என்பதும் தெரியாது. முந்தின நாள் பழைய ஸ்கூலில் போய் வாங்கிய டி.சி.யை இரண்டு தடவை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். ஆனால் இவளுக்குப் படிக்க வரவில்லை என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் இவர்கள் மட்டும்தான். அதற்கு மேல் பிடித்துக்கொள்ள எனக்கு வேறு ஒன்றும் இல்லை.

படிவம் ஆறு பக்கம். பேர், விலாசம், ரத்த வகை எல்லாம் நிரப்பிக்கொண்டே வந்தேன். பொண்ணு பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி. வீட்டில் தினமும் இருபது நிமிஷம் பிள்ளையோடு உட்கார்ந்து வாசிக்கப்போகிறவர் யார்? ஒரு பேர்தான் எழுத வேண்டும். அந்த ஆளோடு பள்ளியில் தனியாகப் பேசுவார்களாம், மற்றவர்கள் அந்த நேரத்தில் குறுக்கே போகக் கூடாதாம். நான் யோசிக்கவே இல்லை. டியூட்டி நேரத்தை மாற்றிக் கேட்டு வாங்கிவிடலாம், இனிமேல் நானே பார்த்துக்கொள்கிறேன், இத்தனை நாள் விட்டதையெல்லாம் சரிகட்டிவிடுகிறேன் என்ற வேகத்தில் என் பேரை எழுதினேன்.

"யாரு பேரும்மா எழுதற?" என்று கேட்டாள்.

அப்பா பேரு என்று சொல்லியிருக்கலாம். என் கிறுக்கல் கையெழுத்தை அவளால் படித்திருக்க முடியாது. ஒரு கணம் அந்தப் பொய் என் நாக்கு நுனிவரைக்கும் வந்தது, அதை நான் மறைக்க விரும்பவில்லை. "என் பேரு," என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கால்கட்டைவிரலால் தரையில் எதையோ தேய்த்தாள். பிறகு ரொம்ப மெதுவாக, "அப்பா பேரு போடும்மா," என்றாள்.

என் பேரை அடித்தேன். பக்கத்தில் அவர் பேரை இனிஷியலோடு எழுதினேன். இவ்வளவுதான் என்று நினைத்துப் படிவத்தை மடிக்கப்போனேன். அவள் கையை நீட்டி அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். அடித்த இடத்தையும் எழுதிய இடத்தையும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். எழுந்து நேரே தலைமை ஆசிரியை மேஜைக்குப் போய், கடைசிப் பக்கத்தை விரித்து வைத்து, அந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"மிஸ், இதுல யாரு பேரு இருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க."

தலைமை ஆசிரியை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் குனிந்து என் வீட்டுக்காரர் பேரை நிறுத்தி நிதானமாக வாசித்தார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தார். அதற்குப் பிறகுதான் என் பொண்ணு திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.